குருத்தணு மாற்றுச் சிகிச்சைக்குப் பின் உடன்பிறந்தாரின் துணை
பெரார்கஞ்ச் வட்டார ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு விளக்கம்

இரத்தப் புற்றுநோய், தலசீமியா, மஜ்ஜை வறட்சி ஆகிய நோய்கள் ஒரு காலத்தில் தீராதவை எனக் கருதப்பட்டன. இன்று அவற்றுள் பல, குருத்தணு மாற்றுச் சிகிச்சையால் குணமாகின்றன. அண்ணனின் மஜ்ஜையைப் பெற்றுத் தங்கை பிழைத்தாள், அக்காளின் இரத்த அணுக்களால் தம்பி உயிர் பெற்றான் என்ற செய்திகளை நாம் அவ்வப்போது கேட்கிறோம். ஆயினும், இச்செய்திகள் பெரும்பாலும் சிகிச்சை நடந்த நாளோடு முடிந்துவிடுகின்றன. உண்மையில் அந்நாள் ஒரு தொடக்கமே. அதன் பின்வரும் ஓராண்டுக் காலத்தில் வீட்டாரும் ஊராரும் காட்டும் விழிப்பே நோயாளியின் நலத்தைப் பெரிதும் நிர்ணயிக்கிறது. அவ்விழிப்பில் உடன்பிறந்தாரின் பங்கு யாது என்பதையும், அவர்களுக்குச் சுகாதார ஊழியரும் ஆசிரியரும் எவ்வாறு உதவலாம் என்பதையும் இங்கே விளக்க முற்படுவோம்.

தெற்கு அந்தமானின் பெரார்கஞ்ச் வட்டாரத்துக்கு இப்பொருள் அயலானதன்று. 1923 முதல் 1931 வரை இத்தீவுகளின் தலைமை ஆணையராக இருந்த பெரார் என்பவரின் பெயர் தாங்கிய இப்பகுதியில், கிழக்கு வங்கம், மலபார், தமிழ்நாடு, ராஞ்சி முதலிய பல இடங்களிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். பீட்டா தலசீமியா இந்தியா முழுவதும் காணப்படுவது. வங்கத்திலும் அதற்குக் கிழக்கிலும் ஹீமோகுளோபின் ஈ என்னும் மரபுக் குறையும் பரவலாக உண்டு. தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து மற்றொன்றுமாக இவ்விரண்டும் ஒரு குழந்தையிடம் சேருமாயின், கடும் இரத்தசோகை தோன்றக்கூடும். அத்தகைய குழந்தைக்கு மாற்றுச் சிகிச்சை தேவைப்படுமானால், குடும்பம் கடல் கடந்து சென்னைக்கோ, வேலூருக்கோ, கொல்கத்தாவுக்கோ செல்ல வேண்டியிருக்கிறது. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல். இத்தூரமே இவ்வட்டாரத்து நோயாளியின் பராமரிப்பில் முதன்மையான பிரச்சினையாகும்.

மாற்றுச் சிகிச்சை என்பது யாது?

நம் எலும்புகளின் உட்புழையில் மஜ்ஜை என்னும் மென்பொருள் உள்ளது. ஸ்டெம் செல் என வைத்தியர்கள் வழங்கும் குருத்தணுக்கள் அங்கே வாழ்கின்றன. வாழையின் கட்டையிலிருந்து கன்றுகள் இடையறாது கிளைப்பது போன்று, இவற்றிலிருந்தே சிவப்பணு, வெள்ளணு, தட்டணு ஆகிய மூவகை இரத்த அணுக்களும் உண்டாகின்றன. சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழும். இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணு சுமார் 10 நாட்களும், கிருமிகளை முதலில் எதிர்க்கும் வெள்ளணு இரத்தத்தில் ஒரு நாளுக்கும் குறைவாகவுமே நிலைக்கும். எனவே மஜ்ஜை வேலை செய்யாது நின்றால், முதலில் கிருமித் தொற்றும், அடுத்து இரத்தக் கசிவும் தலைகாட்டும்.

மாற்றுச் சிகிச்சையில், நோயாளியின் பழுதுற்ற மஜ்ஜை கடும் மருந்துகளாலும், சில வேளைகளில் கதிர்வீச்சாலும் அழிக்கப்படுகிறது. பின்னர், ஈபவரிடமிருந்து பெற்ற குருத்தணுக்கள் சாதாரண இரத்தம் ஏற்றுவதைப் போலவே இரத்தக்குழாய் வழியாகச் செலுத்தப்படுகின்றன. கத்தி கொண்டு உடலைத் திறக்கும் வேலை நோயாளிக்கு இல்லை. உட்சென்ற அணுக்கள் தாமே மஜ்ஜையை நாடிச் சென்று தங்கிக் கிளைக்கத் தொடங்குகின்றன. இதற்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். ஈபவரின் இரத்த வகை வேறாக இருப்பினும் தடையில்லை. சில மாதங்களில் நோயாளியின் இரத்த வகையே ஈபவருடையதாக மாறிவிடுவது வியப்புக்குரிய உண்மை.

இம்முறைக்கு அடிகோலியவர் அமெரிக்க வைத்தியர் டொனால் தாமஸ். 1957-இல் இவர் தம் முதல் முயற்சிகளை வெளியிட்டார். 1990-இல் நோபல் பரிசு பெற்றார். அப்பரிசை அவருடன் பகிர்ந்துகொண்டவர், 1954-இல் இரட்டைச் சகோதரர்களிடையே சிறுநீரகத்தை வெற்றியுடன் மாற்றிய ஜோசப் மரே. 1968-இல் மினசோட்டாவில் ராபர்ட் குட் என்பவர், பிறவியிலேயே நோயெதிர்ப்பு ஆற்றல் அற்ற ஓர் ஆண் குழந்தைக்கு அதன் தமக்கையின் மஜ்ஜையைச் செலுத்தி வெற்றி கண்டார். நம் நாட்டில் 1983-இல் பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையிலும், 1986-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் இச்சிகிச்சை தொடங்கப்பட்டது. இவ்வரலாற்றில் உடன்பிறந்தார் தொடக்கம் முதலே இடம் பெறுவதைக் காணலாம்.

உடன்பிறந்தார் ஏன் தேவை?

உடலின் பெரும்பாலான அணுக்களின் மேல் ஒருவகை அடையாளப் பொருள்கள் உள்ளன. பிரெஞ்சு விஞ்ஞானி ழான் தோசே 1958-இல் இவற்றுள் முதலாவதைக் கண்டறிந்தார். 'எச்.எல்.ஏ.' எனப்படும் இவ்வடையாளங்களுள் ஒரு பாதி தந்தையிடமிருந்தும் மறுபாதி தாயிடமிருந்தும் வருகிறது. ஒரே பெற்றோரின் இரு குழந்தைகளிடம் இவை முற்றும் ஒத்திருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. உடன்பிறந்தார் ஒருவராயின் நூற்றுக்கு 25, இருவராயின் 44, மூவராயின் 58 என்ற கணக்கில் ஒத்த ஒருவரேனும் கிடைக்கக்கூடும். ஒருவரும் ஒத்து வராவிடில், பாதி ஒத்த பெற்றோர் அல்லது உடன்பிறந்தாரைக் கொண்டும், உறவல்லாத பதிவு பெற்ற ஈகையாளரைக் கொண்டும் இக்காலத்தில் சிகிச்சை செய்கின்றனர். அடையாளம் ஒத்து வராமை யாருடைய குறையுமன்று என்பதைக் குடும்பத்தாருக்கு எடுத்துரைக்க வேண்டும்.

ஈபவரிடமிருந்து குருத்தணுக்களைப் பெற இரு வழிகள் உண்டு. மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து ஊசியால் மஜ்ஜையை எடுப்பது ஒன்று. நாலைந்து நாட்கள் ஊசி மருந்து செலுத்தி, குருத்தணுக்களை இரத்தத்துக்கு வரச்செய்து, இயந்திரத்தின் மூலம் பிரித்தெடுப்பது மற்றொன்று. எடுக்கும் மஜ்ஜையின் அளவு, ஈபவரின் எடையில் கிலோ ஒன்றுக்கு 20 மில்லிலிட்டருக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்வர். எடுத்தது சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும். சில நாட்கள் இடுப்பு வலியும் அயர்ச்சியும் இருக்கலாம். ஈந்தவர் வாழ்நாள் முழுதும் பலவீனராகிவிடுவார், அவருக்குப் பிள்ளைப்பேறு இராது என்னும் வதந்திகளுக்கு ஆதாரம் இல்லை. பெண் குழந்தை ஈந்தவளாயின் இவ்வதந்தி அவளுடைய மணவாழ்வையே பாதிக்கக்கூடும். ஆகையால் ஊழியர்கள் இதனைத் தக்க முறையில் மறுத்துரைத்தல் நன்று.

முதல் நூறு நாட்கள்

புதிய மஜ்ஜை கிளைத்தவுடன் ஆபத்து நீங்கிவிட்டதாக எண்ணலாகாது. வெள்ளணுக்களின் எண்ணிக்கை ஒரு மாதத்துக்குள் உயரலாம். ஆனால் கிருமிகளை இனங்கண்டு நினைவில் வைத்துப் போராடும் ஆற்றல் மீள ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். இக்காலத்தில் நோயாளி, பிறந்த குழந்தையைப் போன்று காப்பற்றவர்.

இன்னொரு சிக்கலும் உண்டு. செலுத்திய அணுக்கள் நோயாளியின் உடலை அயலான் எனக் கருதித் தாக்கக்கூடும். இதனை 'ஒட்டின் எதிர்வினை' எனலாம். தோலில் தடிப்பு, இடைவிடாத வயிற்றுப்போக்கு, கண் மஞ்சளித்தல் ஆகியவை இதன் ஆரம்ப அறிகுறிகள். வாய் உலர்ந்து புண்ணாதல், கண்ணில் உறுத்தல், தோல் இறுகுதல், மூச்சிரைப்பு என்பன பிற்காலத்தில் தோன்றலாம். முற்றும் ஒத்த உடன்பிறந்தாரின் அணுக்களாயினும் இது நேரலாம்.

இக்காரணங்களால், முதல் 100 நாட்கள் சிகிச்சை செய்த மருத்துவமனைக்கு அண்மையிலேயே தங்குமாறு வைத்தியர்கள் கூறுகின்றனர். கடல் கடந்து வந்த குடும்பத்துக்கு இஃது எளிதன்று. தாய் நோயாளியுடன் தங்க, தந்தை வேலையை முன்னிட்டு ஊர் திரும்ப, ஏனைய பிள்ளைகள் பாட்டியிடமோ அண்டை வீட்டாரிடமோ விடப்படுவது வழக்கம். ஊருக்கு வரும் ஆவலில் முன்கூட்டியே கப்பலேறுவோரும் உண்டு. சென்னையிலிருந்து கப்பல் பயணம் மூன்று நாள் வரை நீள்வது. நடுக்கடலில் காய்ச்சல் கண்டால் தக்க சிகிச்சை கிடைப்பதரிது. வைத்தியர் விடுவிக்கும் முன் பயணம் புறப்படலாகாது என்பதையும், புறப்படும்பொழுது விமானப் பயணமே தக்கது என்பதையும் உறவினர்களுக்கு முன்னரே உணர்த்த வேண்டும். செலவு குறித்து, தலசீமியா குழந்தைகளுக்கென 2017-இல் கோல் இந்தியா நிறுவனத்தின் நிதியுதவியுடன் தொடங்கப்பட்ட தலசீமியா பால சேவா திட்டத்தைப் பற்றி மருத்துவமனையில் விசாரிக்குமாறு கூறலாம். அதன் கீழ், உரிய தகுதி உடைய குழந்தைக்கு 10 இலட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கும்.

காய்ச்சல்: காத்திருக்கலாகாத அறிகுறி

ஊர் திரும்பிய பின், வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் மனத்தில் இருத்த வேண்டிய விதி ஒன்று உண்டு. உடல் வெப்பம் 38 டிகிரி சென்டிகிரேடு, அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட் ஆனால், அது அவசர நிலை. 'இன்றிரவு பார்ப்போம், காலையில் போவோம்' என்பது கூடாது. காய்ச்சல் மாத்திரை ஒன்று கொடுத்துத் தணிந்ததும் மனநிறைவு அடைவதும் கூடாது. மாத்திரை வெப்பத்தை மறைக்குமேயன்றிக் கிருமியை அழிக்காது. மருத்துவமனை அடைந்த ஒரு மணி நேரத்துக்குள் கிருமி எதிர்ப்பு மருந்து இரத்தக்குழாய் வழியாகச் செல்ல வேண்டும் என்பது வைத்தியர்களின் பொதுவிதி. ஸ்டீராய்டு மருந்து உண்போருக்குக் காய்ச்சலே தோன்றாதிருக்கலாம். ஆகவே குளிர் நடுக்கம், மயக்கம், மூச்சுத் திணறல் ஆகியவற்றையும் காய்ச்சலுக்குச் சமமாகக் கொள்ள வேண்டும்.

பெரார்கஞ்சைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனையை அடைவதற்கு வேண்டிய ஏற்பாடு, காய்ச்சல் வந்தபின் யோசிக்கத்தக்கதன்று. பம்பூ பிளாட்டிலிருந்து சாத்தமுக்குச் செல்லும் படகு இரவு முழுதும் ஓடுவதில்லை. மழைக்கால நாட்களில் கடல் கொந்தளித்தால் அது நிற்பதும் உண்டு. எனவே சாலை வழியே செல்ல எந்த வண்டி, யாருடையது, நள்ளிரவில் அவரை எழுப்புவது யார் என்பன முன்னரே முடிவாகியிருக்க வேண்டும். இவ்வேலைக்கு மூத்த உடன்பிறந்தாரே ஏற்றவர். பெற்றோர் பதறி நிற்கும் நேரத்தில், தாளில் எழுதி வைத்தபடி செயற்படும் பதினைந்து வயதுப் பிள்ளை பேருதவி புரிவான்.

அத்தாளில் எழுத வேண்டியன: சிகிச்சை நடந்த நாள், ஈந்தவர் யார், இரு இரத்த வகைகள், உண்ணும் மருந்துகளும் அளவுகளும், ஒவ்வாத மருந்துகள், சிகிச்சை செய்த மருத்துவமனையின் தொலைபேசி எண், 'கதிர்வீச்சுக்கு உட்படுத்திய இரத்தமே ஏற்ற வேண்டும்' என்ற குறிப்பு. ஏற்றும் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் நோயாளியின் உடலைத் தாக்காதிருக்கவே இக்கடைசிக் குறிப்பு. நோயாளியை முதலில் காணும் வைத்தியருக்கு இத்தாள் பெரும் வழிகாட்டியாகும்.

இத்தீவுகளுக்குரிய ஒரு நோயையும் இங்கே குறிப்பிடுதல் பொருந்தும். 1988 முதல் வட அந்தமானில் மழைக்காலந்தோறும் தோன்றிய கொடிய காய்ச்சல் ஒன்று 'அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல்' என அழைக்கப்பட்டது. 1990-களில் அது எலிக்காய்ச்சலே என்று போர்ட் பிளேரிலுள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மையம் தெளிவுபடுத்தியது. எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த சேற்றிலும் தேங்கிய நீரிலும் இக்கிருமி வாழ்கிறது. ஆதலின், மாற்றுச் சிகிச்சை பெற்றவர் வயற்சேற்றிலும் ஓடையிலும் இறங்கலாகாது. தொழுவ வேலையும் அவருக்கு ஆகாது. அவ்வேலைகளை உடன்பிறந்தார் ஏற்றுக்கொள்வதே சிறந்த துணை.

உணவு, நீர், வீடு

உணவைச் சூடாகவும் நன்கு வெந்ததாகவும் கொடுக்க வேண்டும். மீனும் முட்டையும் இறைச்சியும் அரைவேக்காட்டில் ஆகா. நீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, மூடிய பாத்திரத்தில் வைத்தல் வேண்டும். மழைநீர்த் தொட்டியின் நீருக்கும் இவ்விதியே. வாழை, ஆரஞ்சு போன்ற தோலுரிக்கும் பழங்களைக் கழுவி, வீட்டிலேயே உரித்து உண்ணலாம். கடைத்தெருவில் அரிந்து வைத்த பழம் வேண்டா. பம்பளிமாஸ் மட்டும் விலக்கு. அதிலுள்ள சில பொருள்கள், எதிர்வினையை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடக்கூடும். நாட்டு மருந்து எதனையும் வைத்தியரைக் கேளாமல் கொடுக்கலாகாது.

இவ்வட்டாரத்தில் பல வீடுகளின் முற்றத்தில் கொப்பரையும் பாக்கும் உலர்வதைக் காணலாம். ஈரக் காற்றில் அவற்றின்மேல் பூசணம் பூக்கும். அதன் நுண்தூள் நுரையீரலில் புகுந்து கடும் நோயை விளைவிக்கக்கூடும். நோயாளி இருக்கும் வீட்டில் உலர்த்துமிடத்தை அப்பால் மாற்ற வேண்டும். மண் கிளறுதல், பழஞ்சுவர் இடித்தல், கோழிக்கூடு துப்புரவு செய்தல் நடைபெறும் இடங்களிலும் அவர் நிற்கலாகாது. வெயில் தோலின் எதிர்வினையைத் தூண்டுமாதலின், வெளியே செல்லுங்கால் முழுக்கைச் சட்டையும் குடையும் வேண்டும்.

மருந்துகளை நாள்தோறும் அதே வேளையில் உண்ண வேண்டும். உடல் தேறியது போலத் தோன்றும் மாதங்களிலேயே மருந்தை மறக்கும் வழக்கம் தலைதூக்கும். மாத்திரை தீர்ந்து கப்பலில் வரக் காத்திருக்கும் நிலை நேராதவாறு, குறைந்தது ஒரு மாதத்துக்கான மருந்து எப்பொழுதும் கையிருப்பில் இருத்தல் நலம். நாட்காட்டியில் வேளைதோறும் குறியிடும் பொறுப்பைத் தம்பி தங்கையரிடம் ஒப்படைக்கலாம். தலசீமியா நோயாளியாயின், முன்பு பலமுறை இரத்தம் ஏற்றியதால் உடலில் தேங்கிய இரும்பைக் குறைக்கும் சிகிச்சையும் பின்னர்த் தொடரும். புதிய மஜ்ஜை வந்ததனால் பழைய இரும்பு தானே மறைந்துவிடாது.

தடுப்பூசியும் சொட்டு மருந்தும்

குழந்தைப் பருவத்தில் பெற்ற தடுப்பூசிகளின் பயன் மாற்றுச் சிகிச்சையால் பெரும்பாலும் அழிந்துவிடுகிறது. எனவே அவற்றை மீண்டும் முதலிலிருந்து போட வேண்டும். உயிரற்ற கிருமியால் ஆன ஊசிகள் ஏறத்தாழ ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் தொடங்கும். தட்டம்மை முதலிய உயிருள்ள தடுப்பு மருந்துகளை இரண்டாண்டு கழித்தே, அதுவும் எதிர்வினை மருந்துகள் நின்ற பிறகே போடுவர். காலத்தை நிர்ணயிப்பவர் சிகிச்சை செய்த வைத்தியர் மட்டுமே.

போலியோ சொட்டு மருந்து நாட்களில் வீடு வீடாகச் செல்லும் ஊழியர் இதனை நன்கு கவனிக்க வேண்டும். வாய்வழிச் சொட்டு மருந்தில் வலுவிழந்த உயிருள்ள கிருமி உண்டு. அது சில வாரங்கள் மலத்தில் வெளிப்படும். ஆதலின் நோயாளிக்கு மட்டுமன்றி, அவ்வீட்டுச் சிறு குழந்தைகளுக்கும் வைத்தியரைக் கேட்ட பின்னரே அதனைக் கொடுக்கலாம். அவர்களுக்குப் போலியோ ஊசி உண்டு. மாறாக, வீட்டிலுள்ள மற்றையோர் தட்டம்மைத் தடுப்பூசியும் ஆண்டுதோறும் இன்புளுவென்சா ஊசியும் பெறுதல் நோயாளிக்கு அரணாக அமையும்.

பள்ளியில்

நோயாளி பள்ளிக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆகலாம். அதுவரை பாடங்களை வீட்டுக்குக் கொண்டு செல்லும் தூதர், அதே பள்ளியில் பயிலும் உடன்பிறந்தாரே. அதே வேளையில் பள்ளியின் நோய்கள் வீடு செல்லும் வழியும் அவர்தாம். வீடு திரும்பியதும் கை கால் கழுவி உடை மாற்றும் பழக்கத்தை அவருக்குக் கற்பிக்க வேண்டும். சளியோ இருமலோ கண்ட நாளில் அவர் வேறு அறையில் உறங்குதல் நலம்.

வகுப்பில் யாருக்கேனும் அம்மையோ தட்டம்மையோ கண்டால், ஆசிரியர் அன்றே அக்குடும்பத்துக்குச் செய்தி அனுப்ப வேண்டும். உரிய தடுப்பு மருந்தைச் சில நாட்களுக்குள் கொடுத்தால்தான் பயன் உண்டு. அம்மை கண்டதை வெளியே சொல்லத் தயங்கும் வீடுகள் உண்டு. ஆகையால், நீடித்து வாராத மாணவரைப் பற்றி விசாரிப்பது ஆசிரியரின் கடமையாகிறது.

திரும்பி வரும் மாணவரின் தலை மழுங்கியிருக்கலாம். மருந்தால் முகம் உப்பியிருக்கலாம். வாயை மூடிய கவசம் இருக்கலாம். முன்னாளே வகுப்பில் காரணத்தை விளக்கினால் ஏளனம் எழாது. இந்நோய் தொற்றுவதன்று, பிறரிடமிருந்து அவருக்கே தொற்றும் அச்சம் உண்டு என்ற ஒரு வாக்கியம் போதும்.

ஈந்த பிள்ளையின் மனம்

இறுதியாக, மிகக் குறைவாகவே பேசப்படும் ஒன்று. நோயுற்ற பிள்ளையைச் சுற்றி வீடே சுழலும்பொழுது, ஈந்த பிள்ளை தனித்து விடப்படுகிறான். ஒத்து வராத மற்றொரு பிள்ளையோ தான் பயனற்றவன் என எண்ணுகிறான். ஒட்டின் எதிர்வினை தோன்றினால், 'என் அணுக்கள்தாம் தங்கையை வருத்துகின்றன' என்று ஈந்தவன் மருகுவான். நோய் மீண்டாலோ உயிர் பிரிந்தாலோ அப்பாரம் இன்னும் பெரிது. 'உன் இரத்தம் சேரவில்லை' என்று உறவினர் விளையாட்டாகச் சொல்லும் சொல் ஆறாத புண்ணாகும்.

எனவே சிகிச்சைக்கு முன்பே பெரியோர் அப்பிள்ளைக்கு உண்மையைக் கூற வேண்டும். எடுப்பது எப்படி, எவ்வளவு வலிக்கும், பயன் உறுதியில்லை என்பதை அவன் வயதுக்கேற்ற சொற்களில் விளக்கி, அவனது இசைவையும் கேட்டல் அறம். பின் விளைவது எதுவாயினும் அது நோயின் செயலும் மருத்துவத்தின் எல்லையுமே, ஈந்தவனின் பிழையன்று என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். மதிப்பெண் திடீரெனக் குறைதல், உணவில் வெறுப்பு, காரணமற்ற வயிற்றுவலி, பேச்சுக் குறைதல் ஆகியவற்றை ஆசிரியர் கண்டால், தண்டிக்காமல் தனியே அழைத்துப் பேசல் வேண்டும்.

வட்டாரத்தில் இத்தகைய குடும்பம் ஒன்றிருப்பின், ஊழியர் மாதம் ஒருமுறையேனும் சென்று மூன்றைப் பார்த்து வரலாம். வெப்பமானி நல்ல நிலையில் உள்ளதா, மருந்து ஒரு மாதத்துக்கு உள்ளதா, வண்டி ஏற்பாடு இன்னும் நிற்கிறதா என்பன அவை. நான்காவதாக, நோயுறாத பிள்ளைகளிடமும் சற்று நேரம் அமர்ந்து, 'நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்க வேண்டும். நோயாளியின் ஓராண்டுக் காலக் காவல் பெரிதும் அவர்கள் கைகளில் இருக்கிறது. அக்கைகள் தளராதிருக்கச் செய்வது நம் பணி.